நீட்டிய பால்கனியா, உள்ளடங்கியதா, மூடியதா? வீடு எடுக்கும் முன் ஓர் ஒப்பீடு

அடுக்குமாடியில் வீடு தேடும் வாசகர்களிடமிருந்து ஒரே கேள்வி பல வடிவங்களில் வருகிறது. "இரண்டு வீடு பார்த்து வைத்திருக்கிறோம். விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. ஒன்றில் நீளமான பால்கனி, கூடம் சிறியது. மற்றொன்றில் பால்கனியைக் கண்ணாடியிட்டு மூடிக் கூடத்தோடு சேர்த்துவிட்டார்கள். எதை எடுப்பது?" சிலர் ஏற்கெனவே குடியேறிவிட்டவர்கள். இருக்கும் பால்கனியை மூடிவிடலாமா என்பது அவர்களுடைய கேள்வி.

இந்த முடிவை வீட்டுக்குள் மட்டும் நின்று எடுக்க முடியாது. பால்கனி ஒரு வீட்டின் பகுதியாகத் தெரிந்தாலும், வேலை செய்வது கட்டடத்தின் பகுதியாகத்தான். உங்கள் கூடத்துக்கு நிழல் தருவது உங்கள் பால்கனி அல்ல, மேல்வீட்டுக்காரரின் பால்கனி. உங்களுடையது கீழ்வீட்டுக்கு நிழல் தருகிறது. உங்கள் தளத்தில் விரிசல் விட்டால் நீர் சொட்டுவது கீழே இருப்பவர் தலையில். நீங்கள் கண்ணாடி போட்டால் மாறுவது தெருவின் முகம். ஆகவே வீட்டின் வரைபடத்தோடு, மேலே என்ன, கீழே என்ன, எதிரே என்ன என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

## எதை வைத்து எடைபோடுவது

ஆழம். விற்பவர் பால்கனியின் நீளத்தையோ பரப்பளவையோ சொல்வார். கேட்க வேண்டியது ஆழம்: கதவிலிருந்து கைப்பிடி வரை எத்தனை மீட்டர்? 1 மீட்டர் ஆழமுள்ள பால்கனியில் நாற்காலியைத் தெருப்பக்கம் பார்த்துப் போட்டால் முழங்கால் கம்பியில் இடிக்கும். பக்கவாட்டில் திருப்பிப் போட்டால் அடுத்தவர் கடந்துபோக வழி இருக்காது. முதல் மாதம் ஆசையாக உட்கார்வார்கள், பிறகு அங்கே துணிக்கொடி வரும், அதன்பின் செருப்பு அலமாரி, கடைசியில் பழைய அட்டைப்பெட்டிகள். 1.5 மீட்டர், அதாவது ஐந்தடி இருந்தால் இரண்டு நாற்காலி போட்டு நிம்மதியாக உட்காரலாம். சிறிய மேசை போட்டுச் சாப்பிட வேண்டுமென்றால் 1.8 முதல் 2 மீட்டர் வேண்டும். லண்டன் நகரத் திட்ட விதிகள் புதிய வீடுகளின் பால்கனிக்குக் குறைந்தது 1.5 மீட்டர் ஆழம் கேட்கின்றன. சிங்கப்பூரும் அதே 1.5 மீட்டரைத்தான் குறைந்தபட்சமாக வைத்திருக்கிறது. 4 மீட்டர் நீளமும் 1 மீட்டர் ஆழமும் உள்ள பால்கனியைவிட, 2.7 மீட்டர் நீளமும் 1.5 மீட்டர் ஆழமும் உள்ளது பல மடங்கு பயன்படும். காகிதத்தில் இரண்டும் ஏறத்தாழ 4 சதுர மீட்டர்தான்.

என் கணக்கில் மற்ற எல்லா அளவுகோல்களும் இதற்குப் பிறகுதான். ஆழம் போதாத பால்கனியை வேறெந்தச் சிறப்பாலும் காப்பாற்ற முடியாது.

வெயிலும் வெளிச்சமும். மேலே 1.5 மீட்டர் ஆழப் பால்கனி இருந்து, தரைக்கும் அதன் அடிப்பகுதிக்கும் 2.8 மீட்டர் உயரம் இருந்தால், சூரியன் ஏறத்தாழ 60 டிகிரிக்கு மேல் ஏறும்போது உங்கள் கண்ணாடிக் கதவு முழுக்க நிழலுக்குள் வந்துவிடும். உச்சி வெயிலுக்கு இது நல்ல காப்பு. மாலையில் மேற்கிலிருந்து சாய்வாக வரும் வெயிலைக் கிடைமட்டத் தளம் எதுவும் தடுக்காது. அதற்குச் செங்குத்தான மறைப்போ பக்கச் சுவரோ வேண்டும். நிழலுக்கு ஒரு விலையும் உண்டு. மேலே ஆழமான தளம் வந்தால் அறைக்குள்ளிருந்து தெரியும் வானம் குறையும். வானம் குறைந்தால் பகலிலும் விளக்குப் போட வேண்டிய அறை கிடைக்கும்.

காற்று. தரையைத் தொடும் கதவு, சன்னலைவிட அதிகக் காற்றைக் கொண்டுவரும். வீட்டின் எதிர்ப்பக்கத்தில் அந்தக் காற்று வெளியேற வழியிருந்தால்தான் அதனால் பயன். உயரே போகப் போகக் கேள்வி தலைகீழாகிவிடும். இருபதாவது மாடியில் காற்று வருமா என்று யாரும் கேட்பதில்லை, அங்கே உட்கார முடியுமா என்பதே சந்தேகம்.

பார்வை. ஏறத்தாழ ஐந்தாவது மாடி வரை தெருவில் போகிறவரின் முகம் தெரியும், கூப்பிட்டால் குரல் கேட்கும். அதற்கு மேல் தெருவோடு உறவு அறுந்துவிடும். அங்கே பால்கனி என்பது வானத்தைப் பார்க்கும் இடம்.

பாரமும் நீரும். பல நாட்டுக் கட்டட விதிகள் வீட்டுப் பால்கனிக்குச் சதுர மீட்டருக்கு 200 முதல் 400 கிலோ வரை பயன்பாட்டுப் பாரம் என்று கணக்கு வைக்கின்றன. ஈர மண் 30 சென்டிமீட்டர் உயரத்துக்கு நிரம்பினால் சதுர மீட்டருக்கு 500 கிலோவைத் தாண்டிவிடும். மாடித் தோட்டக் கனவு உள்ளவர்கள் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

கணக்கும் விதியும். பால்கனி எந்தக் கணக்கில் வருகிறது என்பது நாட்டுக்கு நாடு மாறும். இந்தியாவின் 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டம் கார்பெட் ஏரியாவில், அதாவது வீட்டுக்குள் பயன்படும் தரைப்பரப்பில், பால்கனியைச் சேர்ப்பதில்லை. ஹாங்காங் 2001 முதல் பால்கனிக்குத் தளப்பரப்புச் சலுகை, அதாவது கட்ட அனுமதித்த பரப்புக்கு மேலும் கட்டிக்கொள்ளும் சலுகை, கொடுத்தது. சிங்கப்பூரிலும் அப்படிச் சலுகை இருந்து, பால்கனிகள் அளவுக்கு மீறிப் பெருத்ததால் 2019 தொடக்கத்தில் அதன் உச்சவரம்பை மொத்தத் தளப்பரப்பில் 10 சதவீதத்திலிருந்து 7 சதவீதமாகக் குறைத்தார்கள். பால்கனியின் அளவு எப்போதும் குடியிருப்பவரின் தேவையிலிருந்து பிறப்பதில்லை. பில்டருக்குக் கிடைக்கும் சலுகையும் அதை வரைகிறது. "இந்த இடத்துக்கு நான் என்ன விகிதத்தில் பணம் கொடுக்கிறேன்?" என்று ஒப்பந்தத்துக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

## வெளியே நீட்டிய பால்கனி

சுவரைத் தாண்டி அந்தரத்தில் நிற்கும் தளம். மூன்று பக்கமும் திறந்திருக்கும். பார்வைக்கும் வெளிச்சத்துக்கும் இதை மிஞ்ச எதுவும் இல்லை. தெருவின் இரு முனையும் தெரியும். செடிகளுக்கு வெயில் கிடைக்கும், துணி சீக்கிரம் காயும். அறையின் பரப்பிலிருந்து எதையும் எடுத்துக்கொள்வதில்லை என்பதால் சிறிய வீட்டுக்கு ஏற்றது. 1926-இல் ஜெர்மனியின் டெஸ்ஸாவில் கட்டப்பட்ட பௌஹவுஸ் கலைப்பள்ளி மாணவர் விடுதியின் முகப்பில் சின்னச் சின்னப் பால்கனிகள் இப்படி நீட்டிக்கொண்டிருக்கும். கான்கிரீட்டும் இரும்பும் சேர்ந்தபின் இந்த வடிவம் உலகமெங்கும் எளிதாகிவிட்டது.

இதன் பலவீனமும் அந்தரத்தில் நிற்பதில்தான் இருக்கிறது. சாதாரணத் தளத்தில் இழுவிசை அடிப்பக்கத்தில் வரும், கம்பியும் அங்கே இருக்கும். நீட்டிய தளத்தில் இழுவிசை மேல்பக்கத்தில் வருகிறது, ஆகவே முக்கியக் கம்பி மேலே இருக்க வேண்டும். கான்கிரீட் கொட்டும்போது வேலையாட்கள் அந்தக் கம்பியின் மேல் நடந்து அது கீழே அமுங்கிவிட்டால், வெளியே பார்த்து யாரும் கண்டுபிடிக்க முடியாது. பல ஆண்டுகள் கழித்துச் சுவரும் தளமும் சேரும் இடத்தில், மேல்பக்கத்தில், சுவருக்கு இணையாக ஒரு விரிசல் ஓடும். அந்த விரிசலில் நீர் இறங்கினால் கம்பி துருப்பிடிக்கும். அடிப்பக்கத்தில் பழுப்புக் கறை தெரிந்தால், காரை உப்பி விழுந்திருந்தால், பெயிண்ட் அடித்து மறைக்கும் விஷயம் அல்ல அது. கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் வந்து பார்க்க வேண்டும்.

மரத்தில் கட்டினாலும் கதை இதேதான். 2015-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் ஒரு குடியிருப்பின் பால்கனி ஒடிந்து விழுந்து ஆறு இளைஞர்கள் இறந்தார்கள். உள்ளே நீர் தங்கி மரவிட்டங்கள் உளுத்துப்போயிருந்தது பிறகு தெரிந்தது. அதன் பின்னர் அந்த மாநிலம் 2018-இல் சட்டம் கொண்டுவந்து, வாடகைக் குடியிருப்புகளின் பால்கனிகளை ஆறு ஆண்டுக்கு ஒருமுறை சோதிக்கக் கட்டாயமாக்கியது. உங்கள் ஊரில் அப்படிச் சட்டம் இருக்கிறதோ இல்லையோ, குடியிருப்போர் சங்கத்தின் பராமரிப்புத் திட்டத்தில் பால்கனிச் சோதனை என்ற வரி இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் அந்தச் செலவு ஒருநாள் மொத்தமாக வந்து நிற்கும்.

மறைந்த செலவு இன்னொன்றும் உண்டு. வீட்டுத் தளமும் பால்கனித் தளமும் ஒரே கான்கிரீட்டாக ஓடினால், அது மோட்டார் சைக்கிள் இன்ஜினின் சூட்டைக் கடத்தும் விலாத் தகடுகள் மாதிரி வேலை செய்யும். குளிர்நாட்டில் உள் வெப்பத்தை வெளியே கொண்டுபோய் விடும், வெப்பநாட்டில் வெயிலின் சூட்டைத் தரை வழியாக உள்ளே கொண்டுவரும். சிகாகோவின் 82 மாடி அக்வா கோபுரத்தில் தளங்கள் அலைபோல வளைந்து சில இடங்களில் 3.7 மீட்டர் வரை வெளியே நீள்கின்றன. அந்த வளைவுகள் காற்றைக் கலைத்துவிடுவதால் உச்சி மாடிகளிலும் பால்கனியில் நிற்க முடிகிறது, அது அழகான தீர்வு. ஆனால் கடுங்குளிர் ஊரில் இத்தனை நீளத் தளம் வெப்பத்தை வெளியேற்றுகிறது என்ற விமரிசனமும் அதே கட்டடத்தின் மீது இருக்கிறது. வீட்டுக்கும் பால்கனிக்கும் நடுவே வெப்பம் கடத்தாத இணைப்புக் கட்டை வைப்பது இதற்கு மாற்று. புதிய கட்டடமானால் அது இருக்கிறதா என்று கேட்கலாம், பழைய கட்டடத்தில் பின்னால் சேர்ப்பது கடினம்.

மேல்மாடி வாங்குபவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். கடைசி மாடிக்கு மேலே பால்கனி கிடையாது, நிழலும் கிடையாது. சில கட்டடங்களில் அழகுக்காகப் பால்கனிகளை ஒரு மாடி விட்டு ஒரு மாடி, இடம் மாற்றி வைப்பார்கள். வானம் நிறையத் தெரியும். மழைச்சாரலும் அப்படியே வரும், உச்சி வெயிலும் இறங்கும்.

இது பொருந்துவது: ஐந்து, ஆறு மாடிக்குள் இருப்பவர்கள், சிறிய கூடம் உள்ளவர்கள், செடி வளர்ப்பவர்கள், தெருவோடு பேசிக்கொண்டு வாழ விரும்புகிறவர்கள்.

## உள்ளடங்கிய பால்கனி

கட்டடத்தின் உடலுக்குள் குடைந்தது போல் அமைவது. இரண்டு பக்கமும் சுவர், மேலே தளம், முன்பக்கம் மட்டும் திறப்பு. கட்டடக் கலைஞர்கள் இதை லோஜியா என்பார்கள். மூலை வீடாக இருந்தால் இரண்டு பக்கம் திறந்திருக்கும், அப்படிக் கிடைத்தால் அதுவே மிகச் சிறந்தது.

வெளிப்படையாகவே சொல்கிறேன், உயர்ந்த கட்டடங்களில் என் மனம் இதன் பக்கம்தான் சாய்கிறது. பலத்த காற்றில் நீட்டிய பால்கனி காலியாகக் கிடக்கும்போது இதில் உட்கார்ந்து படிக்கலாம். மழையிலும் நாற்காலி நனையாது. பக்கத்து வீட்டின் பார்வை படாது, பேச்சும் குறைவாகக் கேட்கும். பக்கச் சுவர்கள் சாய்வான வெயிலின் ஒரு பகுதியைத் தடுக்கும். உயரத்தைக் கண்டால் கால் கூசுகிறவர்களும் இங்கே தயங்காமல் வந்து நிற்பார்கள், ஏனென்றால் மூன்று பக்கமும் கட்டடம் அணைத்துக்கொண்டிருக்கிறது. படுக்கையறையின் சன்னலையோ சமையலறையின் சன்னலையோ இதன் பக்கச் சுவரில் திறக்கலாம், ஒரே பால்கனி இரண்டு, மூன்று அறைகளுக்குக் காற்று தரும்.

இழப்பு எங்கே? முதலில் இடம். இந்தப் பரப்பு முழுவதும் கட்டடத்தின் உடலிலிருந்து எடுத்தது, ஆகவே கூடமோ படுக்கையறையோ அந்த அளவு சுருங்கியிருக்கும். இரண்டாவது வெளிச்சம். ஆழமான உள்ளடங்கிய பால்கனிக்குப் பின்னால் உள்ள அறை இருண்டுபோகும், எதிரே உயரமான கட்டடம் இருந்தால் இன்னும் மோசம். மூன்றாவது வெளிச்சுவர். குடைவதால் சுவரின் நீளம் கூடுகிறது, பூச்சும் பெயிண்டும் அதற்கேற்பக் கூடும்.

நான்காவது செலவை வரைபடத்தில் மட்டும்தான் கண்டுபிடிக்க முடியும். எல்லா மாடியிலும் பால்கனிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தால் கசிவு கீழ்ப் பால்கனியில் சொட்டும், சமாளிக்கலாம். ஆனால் உங்கள் பால்கனிக்குக் கீழே கீழ்வீட்டின் படுக்கையறை இருந்தால், உங்கள் பால்கனித் தரையே அவருடைய கூரை. நீர்ப்புகாப் பூச்சு தோற்ற நாளிலிருந்து இரு வீட்டுக்கும் சண்டைதான். கீழ்மாடியின் வரைபடத்தையும் சேர்த்துக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

இது பொருந்துவது: உயர்மாடி, பரபரப்பான சாலை, நெருக்கமாக எதிரெதிரே நிற்கும் கட்டடங்கள், குழந்தைகளோ முதியவர்களோ அதிக நேரம் வீட்டில் இருக்கும் குடும்பம்.

## கண்ணாடியிட்டு மூடிய பால்கனி

மக்கள் அதிகம் ஆசைப்படுவதும் அதிகம் தவறாகச் செய்யப்படுவதும் இதுதான், எனவே கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

மூடிய பால்கனி புதிய பழக்கம் அல்ல. ஸ்பெயினின் ஆ கொருன்யா துறைமுகத்தில் 19-ஆம் நூற்றாண்டு வீடுகளின் முகப்பு முழுக்க வெள்ளைச் சட்டமிட்ட கண்ணாடி மாடங்களாக நிற்கிறது. அட்லாண்டிக் மழையையும் காற்றையும் நிறுத்திவிட்டு வெளிச்சத்தை மட்டும் உள்ளே விட அந்த ஊர் கண்டுகொண்ட வழி அது. மால்டாவின் வண்ண மர மாடங்களும் பெரு நாட்டு லிமாவின் காலனிக் கால மர மாடங்களும் தெருவைப் பார்த்துக்கொண்டே வெயிலுக்கும் பார்வைக்கும் மறைந்திருக்க உதவின. இவை முதலிலேயே மூடியதாகத் திட்டமிடப்பட்டவை. திறந்த பால்கனியைப் பின்னால் மூடுவது வேறு விஷயம்.

மூடுவதிலும் இரண்டு வகை உண்டு. ஒன்று, பால்கனியின் வெளிவிளிம்பில் கண்ணாடி போட்டு, அறைக்கும் பால்கனிக்கும் இடையே உள்ள சுவரையும் கதவையும் அப்படியே விட்டுவைப்பது. மற்றொன்று, அந்த உட்சுவரை இடித்துப் பால்கனியைக் கூடத்தோடு கலந்துவிடுவது. எந்த வகை என்பதில்தான் நன்மையும் தீமையும் அடங்கியிருக்கிறது.

முதல் வகைக்கு மிகச் சிறந்த உதாரணம் பிரான்சின் போர்தோ நகரில் இருக்கிறது. 1960-களில் கட்டிய மூன்று பெரிய குடியிருப்புகள், 530 வீடுகள். இடித்துக் கட்டுவதற்குப் பதிலாக, லக்கத்தோன், வசால் என்ற கட்டடக் கலைஞர்கள் இருவரும் அவர்களுடைய கூட்டாளிகளும் கட்டடத்தின் முகப்பில் 3.8 மீட்டர் ஆழத்துக்குப் புதிய மாடங்களைச் சேர்த்தார்கள். குடியிருந்தவர்கள் வீட்டை விட்டுப் போக வேண்டியிருக்கவில்லை. சிறிய சன்னல் இருந்த இடத்தில் தரையைத் தொடும் கண்ணாடிக் கதவு வந்தது, அதற்கு வெளியே மூடக்கூடிய மாடம், அதற்கும் வெளியே திறந்த பால்கனி. குளிர்காலத்தில் மாடத்தை மூடினால் வெயிலில் சூடாகி வீட்டைக் காக்கும், கோடையில் முழுக்கத் திறந்துவிடலாம். இந்த வேலைக்கு 2019-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் கட்டடக்கலை விருதான மீஸ் ஃபான் டெர் ரோ விருது கிடைத்தது. 2021-இல் லக்கத்தோனுக்கும் வசாலுக்கும் கட்டடக்கலையின் உயரிய பரிசான பிரிட்ஸ்கர் பரிசும் வந்தது. அந்த மாடம் பயன்படுவதற்குக் காரணம் அதன் ஆழமும், இடையில் நிற்கும் கதவும்தான். உள்ளும் வெளியும் அல்லாத ஒரு நடுவெளி அங்கே பிழைத்திருக்கிறது.

இரண்டாவது வகைக்குத் தென்கொரியா. அங்கே மக்கள் அனுமதியின்றிப் பால்கனியை இடித்து அறையோடு சேர்த்துக்கொண்டே இருந்தார்கள், 2005 இறுதியில் அரசு அதைச் சட்டபூர்வமாக்கியது. இன்று புதிய வீடு வாங்கும்போதே பலர் அந்த விரிவாக்கத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். கூடம் பெரிதாகிறது, உண்மை. அதே சமயம் வெயிலுக்கும் குளிருக்கும் அறைக்கும் இடையே இருந்த தடுப்பு போய்விடுகிறது. குளிரூட்டவும் சூடாக்கவும் வேண்டிய பரப்பும் கூடிவிடுகிறது.

மூடுவதற்கு முன் இந்தச் செலவுகளையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஏசியின் வெளி யூனிட் பால்கனியில் இருந்தால், மூடியபின் அது தன் சூட்டுக்குள்ளேயே தவிக்கும். அதை வேறிடம் மாற்ற வேண்டும். சமையலறைப் புகைக்குழாயோ எரிவாயு வாட்டர் ஹீட்டரோ பால்கனியில் திறக்கிறது என்றால் மூடவே கூடாது, உயிருக்கு ஆபத்து. துணி காயாது, ஈரம் தங்கும். உயர்மாடிக் கண்ணாடியின் வெளிப்பக்கத்தை யார் துடைப்பது என்பது ஒவ்வோர் ஆண்டும் எழும் கேள்வி. மேற்கு நோக்கிய மூடிய பால்கனி மாலையில் கொதிக்கும், ஏனென்றால் கண்ணாடி வெயிலை உள்ளே விட்டு வெப்பத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

தீ இன்னும் பெரிய விஷயம். திறந்த பால்கனியில் புகை தங்காது, தீயணைப்பு வீரர் வரும்வரை அங்கே நின்று மூச்சு விடலாம். ஜப்பானியக் குடியிருப்புகள் இதை விதியாகவே வைத்திருக்கின்றன. பக்கத்து வீட்டுப் பால்கனிக்கும் உங்களுடையதற்கும் இடையே உதைத்தால் உடையும் மெல்லிய தடுப்பு இருக்கும். சில பால்கனிகளின் தரையில் மூடி இருக்கும், திறந்தால் கீழ்மாடிக்கு ஏணி இறங்கும். அந்த வழியில் பொருள் அடுக்கக் கூடாது. சொந்த வீட்டின் பால்கனியே ஆனாலும் அங்கே அது பொதுப் பகுதி, பயன்படுத்தும் உரிமை மட்டும்தான் வீட்டுக்காரருடையது. மூடிக்கொள்ள முடியாது. எனக்கு மிகவும் நியாயமாகப் படும் ஏற்பாடு இது.

முகப்பும் கவனிக்க வேண்டியது. ஒருவர் அலுமினியச் சட்டம், அடுத்தவர் வெள்ளைப் பிளாஸ்டிக் சட்டம், இன்னொருவர் இரும்புக் கிராதி என்று ஆளுக்கொரு விதமாக மூடினால் கட்டடம் ஒட்டுப்போட்டதுபோல் ஆகும். அழகு போவது மட்டுமல்ல, காற்றும் மழையும் மோதும் சுமை ஒரே சீராக இல்லாமல் போகிறது, மூட்டுகளில் கசிவு தொடங்குகிறது. சிங்கப்பூர் விதி பால்கனியை நிரந்தரமாக மூட விடுவதில்லை, மடக்கித் திறக்கும் தடுப்பு மட்டும்தான் போடலாம். மூட வேண்டிய அவசியம் இருந்தால் இந்த மடக்கும் வகையையே முதலில் பாருங்கள், சங்கம் முழுவதும் ஒரே வடிவமாக.

இது பொருந்துவது: குளிரோ தூசியோ இரைச்சலோ ஆண்டின் பெரும்பகுதி தாங்க முடியாத இடம், 2 மீட்டருக்கு மேல் ஆழமுள்ள பால்கனி, உட்கதவை விட்டுவைக்கச் சம்மதிக்கும் குடும்பம். 1 மீட்டர் பால்கனியை மூடுவதால் கிடைப்பது ஒரு குறுகிய சந்துதான்.

## தனிப் பால்கனி இல்லாத வீடு

பால்கனியே இல்லாமல், தரையைத் தொடும் சன்னலும் அதற்கு வெளியே கம்பித் தடுப்பும் மட்டும் உள்ள வீடுகள் உண்டு. ஆழமற்ற பால்கனியைவிட இது நேர்மையானது என்பேன். கதவைத் திறந்தால் கூடமே பால்கனியாகிவிடும், பரப்பு வீணாவதில்லை, நீட்டிய தளத்தின் பராமரிப்பும் இல்லை.

ஆனால் இதை எடுக்கும்போது திறந்தவெளி வேறெங்கு இருக்கிறது என்று பார்க்க வேண்டும். மொட்டை மாடி பூட்டிக் கிடக்கிறதா, எல்லோரும் போக முடியுமா? 1922-இல் நெதர்லாந்தில் ரோட்டர்டாமின் ஸ்பாங்கன் பகுதியில் கட்டிய குடியிருப்பில் மேல்வீடுகளின் வாசல்களை இணைத்து ஒரு அகன்ற நடைமாடம் ஓடுகிறது. வியாபாரிகள் வண்டியைத் தள்ளிக்கொண்டே வாசல் வாசலாக வரும் அளவுக்கு அகலம் வைத்தார்கள். குழந்தைகள் விளையாடவும் அண்டைவீட்டார் நாற்காலி போட்டுப் பேசவும் அது இடமானது. குறுகிய நடைபாதை வைத்துவிட்டு அதையே பொதுவெளி என்று விளம்பரப்படுத்தும் கட்டடங்கள் அதனருகில் நிற்க முடியாது. பொது மாடத்துக்கும் ஆழமே அளவுகோல்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது இத்தாலியில் மக்கள் பால்கனியில் நின்று பாடினார்கள். பால்கனி இல்லாத வீட்டில் இருந்தவர்களுக்கு திறந்தவெளி என்பது சன்னலின் அளவுக்குச் சுருங்கியது. வீட்டிலிருந்தே வேலை செய்பவர்கள் இந்தத் தேர்வை எடுக்கும் முன் அந்த நாட்களை நினைத்துப் பார்ப்பது நல்லது.

இது பொருந்துவது: பகலில் பெரும்பாலும் வெளியே இருப்பவர்கள், பூங்காவோ திறந்த மொட்டை மாடியோ கைக்கெட்டும் தூரத்தில் உள்ளவர்கள்.

## பக்கத்தில் பக்கத்தில்

| | நீட்டியது | உள்ளடங்கியது | மூடியது | தனிப் பால்கனி இல்லாதது |
|---|---|---|---|---|
| வெளிச்சம் | பால்கனியில் மிகுதி. அறைக்குள் மேல்தளத்தைப் பொறுத்தது | அறை இருளலாம் | நடுத்தரம் | நல்லது |
| உயர்மாடிக் காற்று | தாங்க முடியாமல் போகலாம் | நல்ல காப்பு | பிரச்சினை இல்லை | சன்னலைத் திறப்பதில் சிரமம் |
| தனிமை | குறைவு | மிகுதி | நடுத்தரம் | நடுத்தரம் |
| தெருவோடு உறவு | மிக நெருக்கம் | ஓரளவு | குறைவு | ஓரளவு |
| வீட்டின் பரப்பு | குறையாது | குறையும் | கூடும் | முழுதும் உள்ளே |
| மறைந்த செலவு | கம்பித் துரு, தளத்தின் வழி வெப்பம் | கீழ்வீட்டுக் கசிவு | ஏசி, கண்ணாடி, ஈரம், அனுமதி | மொட்டை மாடிப் பராமரிப்பு |
| தீ நேரத்தில் | ஒதுங்க இடம் | ஒதுங்க இடம் | இடம் இழப்பு | இடம் இல்லை |

## நகரத்துக்கு என்ன ஆகிறது

ஒரு கட்டடத்தில் யார் எங்கே குடியிருக்கிறார்கள் என்பதைக்கூடப் பால்கனி சொல்லிவிடும். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில், பாரிஸைத் திருத்தியமைத்த அதிகாரி ஓஸ்மான் காலத்துப் பாரிஸ் கட்டடங்களில் நீண்ட பால்கனி இரண்டாவது மாடியிலும் ஐந்தாவது மாடியிலும் ஓடும். மின்தூக்கி இல்லாத காலத்தில் இரண்டாவது மாடிதான் வசதிக்காரர்களுக்கு. ஐந்தாவது மாடிப் பால்கனி தெருவின் முகப்பை ஒரே கோட்டில் முடித்துவைப்பதற்கு. வரிசையாக வீடுகளைப் பார்க்கும்போது அந்த இரண்டு கோடுகளும் தெரு முழுக்க இணைந்து ஓடுகின்றன.

இன்று இத்தாலியின் மிலானில் போஸ்கோ வெர்ட்டிகாலே (செங்குத்துக் காடு) என்ற குடியிருப்புக் கோபுரங்களில் பால்கனிகளே காடாகியிருக்கின்றன. 2014-இல் திறந்த இந்த இரண்டு கோபுரங்களின் பால்கனிகள் 3 மீட்டருக்கு மேல் நீண்டு மரங்களைத் தாங்குகின்றன. பார்ப்பவர் கவனிக்காத ஒன்று உண்டு: அங்கே செடிக்குத் தண்ணீர் விடுவதும் கிளை வெட்டுவதும் வீட்டுக்காரர் பொறுப்பு அல்ல. மையக் குழு ஒன்று கயிற்றில் தொங்கி வந்து பராமரிக்கிறது, செலவைக் குடியிருப்போர் சேர்ந்து சுமக்கிறார்கள். பசுமை முகப்பைப் படத்தில் காட்டி விற்கும் கட்டடத்தில், தண்ணீர்க் குழாய் யாருடையது, பராமரிப்பு யாருடையது என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். பதில் இல்லையென்றால் சில ஆண்டுகளில் அங்கே காய்ந்த தொட்டிகள்தான் இருக்கும்.

கைப்பிடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். முழுக் கண்ணாடிக் கைப்பிடி விளம்பரப் படத்தில் அழகாக இருக்கும். குடியேறியதும் உள்ளே இருக்கும் வாளியும் துடைப்பமும் தெருவுக்குத் தெரியும், விரைவில் ஆளாளுக்குப் பாயும் துணியும் கட்டி மறைப்பார்கள். கீழ்ப்பாதி மறைத்து மேல்பாதி திறந்த கைப்பிடிதான் தெருவுக்கும் வீட்டுக்கும் சமமாக நியாயம் செய்கிறது. உட்கார்ந்தால் யாருக்கும் தெரியாது, எழுந்து நின்றால் தெருவில் போகிறவரோடு பேசலாம்.

## நேரில் பார்க்கும்போது

கையில் அளவுநாடாவும் ஒரு பாட்டில் தண்ணீரும் எடுத்துப் போங்கள். ஆழத்தை அளந்தபின், கதவருகே தண்ணீரை ஊற்றுங்கள். அது வடிகால் துளையை நோக்கி ஓட வேண்டும். மூலையில் தேங்கினால் தரையின் சாய்மானம் தவறு, அந்த மூலையில்தான் பின்னால் கசிவு தொடங்கும். கதவை நோக்கி ஓடினால் மழைநாளில் கூடம் நனையும். வடிகால் துளை ஒன்றே ஒன்று என்றால், அது அடைத்துக்கொண்டால் நீர் எங்கே போகும் என்று பாருங்கள். மேலே மாற்றுத் துளை இருக்க வேண்டும்.

பிறகு கைப்பிடி. பிரிட்டனில் 1.1 மீட்டர் உயரமும், 10 சென்டிமீட்டர் பந்து நுழையாத கம்பி இடைவெளியும் விதி. வீட்டில் சிறு குழந்தை இருந்தால் இதற்குக் கீழே இறங்க வேண்டாம். கிடைமட்டக் கம்பிகள் குழந்தைக்கு ஏணிப்படி. செங்குத்துக் கம்பியாக இருந்தாலும், பக்கத்தில் துவைக்கும் இயந்திரமோ உயரமான தொட்டியோ வைத்தால் அதே ஆபத்து திரும்பி வரும்.

மேலே அண்ணாந்து மேல்வீட்டுப் பால்கனியின் அடிப்பக்கத்தைப் பாருங்கள், கறையும் உப்பலும் இருக்கிறதா என்று. முடிந்தால் கீழ்வீட்டுக்காரரிடமும் ஒரு வார்த்தை பேசுங்கள். உங்களுக்கு வரப்போகும் பால்கனியின் அடிப்பக்கத்தை அவர் தினமும் பார்க்கிறார். அந்த நிலையை அவரைவிட நன்றாக அறிந்தவர் யாரும் இல்லை.

ஏற்கெனவே குடியிருந்து, மூடுவதா வேண்டாமா என்று யோசிப்பவர்களுக்கு: இரைச்சலும் தூசியும்தான் தொல்லை என்றால், முதலில் உட்கதவின் ரப்பர் விளிம்பையும் கண்ணாடியையும் மாற்றிப் பாருங்கள். வெயில்தான் தொல்லை என்றால் பால்கனியின் வெளிவிளிம்பில் சுருட்டி ஏற்றும் திரை போதும். இவை இரண்டும் செய்த பிறகும் ஓராண்டு முழுவதும் தாங்க முடியவில்லை என்றால், பொறியாளரின் ஒப்புதலோடும் சங்கத்தின் எழுத்துமூல அனுமதியோடும், உட்சுவரைத் தொடாமல், மடக்கித் திறக்கும் கண்ணாடி போடுங்கள்.